பகவதியப்பனுக்க அக்கா

சண்முகவடிவு என்று தாய் தகப்பன் ஆசையாகப் பெயர் வைத்தார்கள். ஊர் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாங்குழிவிளைக்குப் போய் சண்முகவடிவு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு முழிப்பார்கள். பகவதியப்பனுக்க அக்கா வீடு என்று கேட்டால் உடனே வழி சொல்வார்கள். "பாத்துப் பேசும் வே, அவளுக்கு வாய்க்கு முன்ன கை வரும்" என்று சேர்த்தும் சொல்வார்கள்.

பொய்யில்லை. அந்தக் கை சின்ன வயதிலேயே பேசத் தொடங்கிவிட்டது. தம்பி பகவதியப்பனுக்கு ஆறு வயது இருக்கும்போது, கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்த நான்கு தடிப் பயல்கள் அவனைப் பிடித்துவைத்து, கொட்டை எண்ணெயை முகத்தில் தேய்த்துவிட்டார்கள். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அவன் வலியில் கத்திய ஒரே வார்த்தை, "எக்கா!" அப்போது பாவாடை சட்டை போட்ட பெண் சண்முகவடிவு. கிணற்றடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். போகிற வழியில் ஒரு செங்கல் துண்டு கிடந்தது. ஒருத்தனின் முன்பல் இரண்டும் போயிற்று. அவன் இப்போது கல்ஃபில் பெரிய வேலையில் இருக்கிறான், கட்டின பல்லோடுதான் சிரிக்கிறான்.

அதற்குப் பிறகும் குறைவில்லை. "புத்தி கெட்ட பொட்டனை எறக்கி விடு" என்று தம்பியைச் சொன்ன பஸ் கண்டக்டருக்குக் குடைக் கம்பால் விழுந்தது. கல்யாணத்தன்று மட்டும் தம்பியை யார் வீட்டிலாவது ஒதுக்கி வைக்கலாம், மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் நன்றாக இருக்காது என்று நயமாகச் சொன்ன தரகர் மேல் சூடான காப்பி தம்ளரோடு பறந்தது. அதைக் கேள்விப்பட்டுச் சிரித்த மாப்பிள்ளைதான் ஐயப்பன், கொத்தனார். "தம்பியையும் கூட்டிட்டு வா, எனக்கும் ஒரு காவலாச்சு" என்றார். அப்படித்தான் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போனாள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவளுக்கு முதல் பிள்ளை அவன்தான்.

பகவதியப்பன் டவுன் சிண்ட்ரோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்கிற வகையில் பிறந்தவன். குட்டையான உருவம், சாய்ந்த சின்னக் கண், கொழகொழவென்ற பேச்சு. ஆனால் வேலைக்காரன். சண்முகவடிவு வீட்டுப் பின்புறம் கொட்டகை போட்டு நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்க ஆரம்பித்தபோது, காய் உரிக்கிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். கறை பிடிக்காமல் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால், சந்தையிலிருந்து வந்த குலைகள் எல்லாம் தோலில்லாமல் மஞ்சள் தண்ணீரில் கிடக்கும். ஒரு காயில்கூடக் கத்தி ஆழமாக இறங்கியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு வரமாட்டான். தாங்கலுக்குப் போய்விடுவான். அய்யாவழிக்காரர்கள் அய்யாவைக் கும்பிடுகிற நிழல் தாங்கலில் சிலை கிடையாது. பள்ளியறைக்குள் ஒரு நிலைக்கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு, அவ்வளவுதான். தலையில் பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு நிமிர்ந்து நின்றால் எதிரே நிற்பது நீயேதான். பகவதியப்பன் தாங்கல் முற்றம் பெருக்குவான், கிணற்றில் தண்ணீர் இறைத்து வைப்பான், உச்சிப்படிப்பு என்கிற மத்தியான வழிபாட்டுக்கு முதல் ஆளாகப் பாகை கட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்பான். கண்ணாடியில் தன்னைக் கண்டதும், "அந்தா நிக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பான். பணிவிடைக்காரர் ஆனந்தகிருஷ்ணன் அதற்காக ஒரு நாளும் அவனைக் கடிந்ததில்லை. காய்ச்சல், கோபம், அழுகை எது வந்தாலும் அவனைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்தினால் அடங்கிவிடுவான். அது அவளுக்குத் தெரிந்த மருந்து.

நாற்பது வயது தாண்டியபோதுதான் கோளாறு தொடங்கியது. முதலில் காயைக் குப்பையில் போட்டுவிட்டுத் தோலை மஞ்சள் தண்ணீரில் போட்டான். விளையாடுகிறான் என்று சிரித்தார்கள். பிறகு தாங்கலுக்குப் போகிற வழியை மறந்து ரப்பர் தோட்டத்துக்குள் நின்று அழுதான். வேட்டியிலேயே மூத்திரம் போனான். வறுவல் வேலைக்கு வருகிற பிரிஜாவை, இத்தனை வருஷம் "பிரிஜு, பிரிஜு" என்று அவன் சுற்றி வந்தவளை, ஒரு நாள் "இவ ஆரு?" என்று கேட்டான்.

"பொறப்பே அப்படித்தானே, வயசாக ஆகக் கூடத்தானே செய்யும்" என்றது ஊர். சண்முகவடிவு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் நாற்காலியைவிட்டு எழும்பாமலே, "இவங்க இப்படித்தாம்மா இருப்பாங்க" என்று தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். பிறவியிலேயே ஒரு குறை இருந்துவிட்டால் பாருங்கள், அதற்குப் பிறகு அவனுக்கு வருகிற எந்த நோய்க்கும் தனியாகப் பெயர் கிடைப்பதில்லை. எல்லாம் அந்தக் குறையின் கணக்கிலேயே போய்விழும். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் நடப்பு அதுதான்.

முதல் ரத்தம் ஒரு மூவந்தி நேரத்தில் வந்தது. வெளிச்சம் மங்கி, விளக்குப் போடலாமா வேண்டாமா என்று இருக்கிற நேரம். ஐயப்பன் வேலை முடிந்து வந்து பீரோவில் சட்டை தேடிக்கொண்டிருந்தார். பீரோக் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. பின்னால் வந்த பகவதியப்பன் அதைப் பார்த்தான். அடுத்த கணம் தொண்டை கிழிய, "கள்ளன்! கள்ளன்!" என்று கத்தினான். கையில் அகப்பட்ட திருவலைக் குற்றியைத் தூக்கி வீசினான். தேங்காய் திருவுகிற அந்தப் பல்லிரும்பு கண்ணாடிக்குப் போகவில்லை. ஐயப்பனின் நெற்றியில் போய்க் குத்தியது.

ரத்தம் கண்ணை மறைக்க மனிதர் கீழே உட்கார்ந்துவிட்டார். பகவதியப்பன் அவரையும் மிதித்துத் தாண்டிக் கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தான். சண்முகவடிவு இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். அவன் முழங்கையால் அவள் வாயில் இடித்தான். உதடு கிழிந்தது. அவளைத் தொட்டு நோகப் பண்ணாத பிள்ளை! அவளுக்கு வலி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

"மக்கா, நான்தான்லே, அக்கா" என்று அவன் காதில் திரும்பத் திரும்பச் சொன்னாள். வெகுநேரம் கழித்துத்தான் அவன் உடம்பு தளர்ந்தது.

ஐயப்பன் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். அவரிடம் சண்முகவடிவு சொன்னாள். "ஞாயிறாச்சை தாங்கலுக்குக் கொண்டு போவோம். அய்யா முன்ன நின்னா அடங்கிருவான்."

அவள் செய்த தப்பு இதுதான். அந்தத் தப்பை வேறு எந்த ஊர்க்காரியும் செய்திருக்க முடியாது. கண்ணாடியைக் கண்டு பயந்த பிள்ளையைப் பயம் தெளியட்டும் என்று கண்ணாடி முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

உச்சிப்படிப்பு நேரம், தாங்கல் நிறையக் கூட்டம். அவளே அவனுக்குப் பாகை கட்டிவிட்டாள். ஆனந்தகிருஷ்ணன் அன்போடு நாமம் இட்டு, கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். திரை விலகியது. விளக்கு வெளிச்சத்தில் எதிரே ஒருவன் நின்றான். பாகை கட்டியிருந்தான், நாமம் போட்டிருந்தான், முறைத்துப் பார்த்தான்.

"எனக்க தலப்பா!" என்றான் பகவதியப்பன். முதலில் மெதுவாகத்தான் சொன்னான். பிறகு, "எனக்க தலப்பாவ களவாண்டுட்டான்! எனக்க எடத்துல நிக்கான்!" என்று அலறினான். யாரும் பிடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த வெண்கலக் கிண்டிச் செம்பைத் தூக்கி எறிந்தான். கண்ணாடி நடுவிலிருந்து வெடித்துச் சரிந்தது.

துண்டுகள் தரையெங்கும் சிதறின. பிறகு கூட்டம் அவன் மேல் விழுந்தது. கும்பிட வந்த கைகள்தான். ஒருவன் பாகையைப் பிடித்து இழுத்தான். ஒருவன் முதுகில் மிதித்தான். "சவத்து மூதி, அய்யாவுக்க மேலயா கை வெச்ச?" என்று சொல்லிச் சொல்லி இடித்தார்கள். பகவதியப்பன் கீழே கிடந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "எக்கா! எக்கா!" என்று கத்தினான்.

பெண்கள் பக்கம் நின்ற சண்முகவடிவு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். வந்தவளைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், அது மனுஷி இல்லை என்று. ஒருவனின் காதைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதினாள். இன்னொருவனின் கையைக் கடித்தாள். "எவம்லே எந் தம்பிய தொட்டது? வாங்கலே! வந்து எனக்கத் தலைய ஒடச்சிட்டு அவனத் தொடுங்கலே!" என்று அவன் மேல் குப்புற விழுந்து கவிழ்ந்துகொண்டாள். சில மிதிகள் அவள் முதுகிலும் விழுந்தன. கடைசியில் ஆனந்தகிருஷ்ணன்தான் கூட்டத்துக்கு நடுவே இரண்டு கையையும் விரித்து நின்று, "போதும்! அய்யா வாழுகிற எடத்துல ஒரு பிள்ளைய அடிச்சுக் கொல்லுவியளா?" என்று கத்தி நிறுத்தினார். கண்ணாடித் துண்டு கிழித்த அவருடைய கால்களிலும் ரத்தம் ஓடியது.

பெரிய ஆஸ்பத்திரியில் பகவதியப்பனின் மண்டையில் தையல் போட்ட பிறகு, சிவப்ரியா என்ற டாக்டர் அம்மா அவனைப் பார்க்க வந்தார். மற்றவர்கள் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்: "முன்ன இவர் என்னென்ன செய்வார்?"

சண்முகவடிவு சொன்னாள். காய் உரித்தது, தண்ணீர் இறைத்தது, தனியாக வழி கண்டு போய் வந்தது, பிரிஜுவைக் கூப்பிட்டது. சொல்லச் சொல்ல அவளுக்கே தெரிந்தது, எல்லாம் 'செய்தான்' என்றே வந்தது, 'செய்கிறான்' என்று ஒன்றும் வரவில்லை.

"இது இவரோட பிறவிக் குணம் இல்லக்கா" என்றார் டாக்டர். "மறதி நோய். டிமென்ஷியா. எல்லாருக்கும் எழுபது எம்பதுல வாறது, இப்படிப் பிறந்தவங்கள்ல நெறையப் பேருக்கு நாப்பது தாண்டினாலே வந்துரும். மூளை தேயுது. கண்ணாடியில தெரியறது தான்தான்னு அவருக்குத் தெரியாது. ஒரு வேற்றாள் வந்து நிக்கான்னு பயந்துதான் அடிக்கார்."

சண்முகவடிவு மேசையை ஓங்கி அறைந்தாள். மருந்துப் புட்டி ஒன்று உருண்டு விழுந்தது. "இத ஏன் ஒரு எளவும் எங்கிட்ட சொல்லல? இவன் பொறந்ததுல இருந்து எத்தன ஆஸ்பத்திரி, எத்தன டாக்டரு! நாப்பது வயசுல இப்படி ஒண்ணு வரும், பாத்துக்கோன்னு ஒருத்தனுக்கு வாய் வந்துதா? தெரிஞ்சிருந்தா நான் அவன அந்தக் கண்ணாடிக்கு முன்ன கொண்டு நிறுத்தியிருப்பேனா? ஊரு கூடி மிதிக்க விட்டிருப்பேனா?"

நர்ஸ் பயந்து ஓடி வந்தாள். டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "கோபப்படுங்கக்கா, நியாயந்தான்" என்றார். அவள் அழுது முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு தைராய்டு, காது, கண் எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்கள். ஒரு கண்ணில் புரை இருந்தது. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிச் சீழ் கட்டியிருந்தது. அந்த வலியை அவனால் வாயால் சொல்ல முடியவில்லை, கையால் சொல்லியிருக்கிறான். நோய் திரும்பிப் போகாது, ஆனால் பயத்தைக் குறைக்கலாம்; மூவந்திக்கு முன்பே விளக்கைப் போடுங்கள், எதிர்த்து வாதாடாதீர்கள், கண்ணாடிகளை மூடிவையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மூடிவைக்கிற பழக்கம் சண்முகவடிவுக்கு ஏது? வீட்டுக்கு வந்ததும் அம்மிக் குழவியை எடுத்தாள். பீரோக் கண்ணாடி சுக்குநூறாயிற்று. ஐயப்பன் முகம் மழிக்கிற கைக்கண்ணாடியும் கிணற்றுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு அவர் தடவிப் பார்த்து மழித்து, கன்னமெல்லாம் கீறலோடு வேலைக்குப் போய்வந்தார். "கொத்தனாரே, பூனை வளக்கியளா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். ஒரு வார்த்தை அவர் வீட்டில் சொல்லவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பல் பிடுங்கிய பிறகு சில மாதங்கள் நன்றாகவே போயின. அவன் மறுபடி கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தான். உரிக்கத் தெரியவில்லை, உரித்த காயை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பிரிஜா அவனுக்கு ஒரு சிப்ஸ் கொடுத்து, "கொள்ளாமா மாமா, ருசியா இருக்கா?" என்று கேட்பாள். தலையாட்டுவான். எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று சண்முகவடிவு நம்பினாள்.

உருளியில் எண்ணெய் இருக்கிறதே, அதை அவள் நினைக்கவில்லை. காய் போடுவதற்கு முன்னால், பெரிய உருளி நிறையத் தேங்காயெண்ணெய் சூடேறிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பகவதியப்பன் எழுந்து வந்து அதற்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இஞ்ச வந்து ஒளிச்சிருக்கியா லே!" என்று பல்லைக் கடித்தான். மூலையில் கிடந்த வாழைக்குலையை இரண்டு கையாலும் தூக்கி உருளிக்குள் அடித்தான்.

எண்ணெய் சுவர் வரைக்கும் எழும்பியது. அடுப்புப் பக்கம் குந்தியிருந்த பிரிஜாவின் தொடையிலிருந்து பாதம் வரை அப்படியே ஊற்றியது. அவள் கத்திய கத்தலில் சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். சண்முகவடிவு அவளைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினாள். சேலை காலோடு ஒட்டியிருந்தது. பின்னால் பகவதியப்பன் வெறும் தரையை மிதித்துக்கொண்டே, "செத்தான்! செத்தான்!" என்று துள்ளினான். அவன் கையிலும் எண்ணெய் பட்டுக் கொப்புளம் எழும்பியிருந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

பிரிஜா உயிர் பிழைத்தாள், ஆனால் மாதக்கணக்கில் படுக்கை. அன்று சாயங்காலமே அவள் புருஷன் ரதீஷ் வெட்டுக்கத்தியோடு முற்றத்துக்கு வந்தான். "எங்க அந்தப் பொட்டன்? வெளிய விடு, இன்னைக்கு அவன் கைய எடுத்துட்டுத்தான் போவேன்" என்று நின்றான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் சண்முகவடிவு. ரதீஷ் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். தலை கதவில் மோதியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கை திருப்பி எழும்பவில்லை.

"இன்னும் அடிலே" என்றாள். "நீ அடிக்கது நியாயம். உனக்க பெண்டாட்டிய வேவ வெச்சது என் வீடு. என்னய அடி. அவன விட்டுரு."

ரதீஷ் கத்தியைக் கீழே போட்டுவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதான். அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள், ஆனால் தொடுவதற்குத் துணியவில்லை.

மறுநாள் ஐயப்பன் கடையிலிருந்து நாய்ச் சங்கிலி வாங்கி வந்தார். கூடவே ஒரு பூட்டு. இரண்டையும் அவள் முன்னால் வைத்தார். "இன்னைக்கு பிரிஜா, நாளைக்கு நீ. நான் வேலைக்குப் போனா நீ உசிரோட இருப்பியோ இல்லியோன்னு நெனச்சே செவரு கெட்டுகேன். கோணலாத்தான் வருது. இது வேண்டாம்னா மலையடிவாரத்துல அந்தக் காப்பகம் இருக்கு, அங்க கொண்டு விடுவோம். ரெண்டுல ஒண்ணு சொல்லு வடிவு."

அந்தக் காப்பகத்தை அவள் பார்த்திருக்கிறாள். மொட்டையடித்த ஆட்கள் வரிசையாக ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடந்தார்கள். கூப்பிட்டால் வருவதற்கு அங்கே யாரும் இல்லை. "கட்டுனா நாந்தான் கட்டுவேன். வேற ஒருத்தன் கை அவன் மேல படப்பிடாது" என்றாள்.

அடுத்த நாள் காலையில் சுளீரென்று வெயில் அறைக்குள் வந்திருந்தது. பகவதியப்பன் கட்டிலில் உட்கார்ந்து விரலைத் திருகிக்கொண்டிருந்தான். அவள் சங்கிலியின் ஒரு நுனியைக் கட்டில் காலில் சுற்றினாள். துணியை மடித்து அவன் கணுக்காலில் வைத்து, நோகக்கூடாதே என்று அதன் மேல் சங்கிலியைச் சுற்றினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"நீ ஆரு?" என்றான்.

"அக்கா மக்கா. அக்காதான்."

"நீ அக்கா இல்ல. எனக்க அக்கா பாவாட போட்டிருப்பா. சட போட்டிருப்பா." காலை உதறினான். சங்கிலி இறுகியது. அவன் கண்ணில் பயம் ஏறியது. "விடு! விடுட்டி!" என்று கத்திக்கொண்டு குனிந்து அவள் கையைக் கவ்வினான். பல் எலும்பு வரைக்கும் இறங்கியது. பிடித்த பிடியை விடவில்லை. அவள் வலி தாங்காமல் மற்றக் கையை ஓங்கினாள். பளாரென்று அறைந்தாள்.

அவள் அவனை அடித்தது அதுதான் முதல்.

அவன் அழவில்லை. வாயில் அவளுடைய ரத்தத்தோடு அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு வாசல் பக்கமாக முகத்தைத் திருப்பிக் கத்தினான். "எக்கா! எக்கா! இவ என்னக் கெட்டிப்போட்டு அடிக்கா! ஓடி வா எக்கா!" அவளிடம் திரும்பி, "எனக்க அக்கா வருவா. வந்து உன்னக் கொல்லுவா, பாத்துக்கோ" என்றான்.

சண்முகவடிவும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கொல்லாங்கொட்டை எண்ணெயில் முகம் வெந்தபோது கேட்ட அதே கூப்பாடு. தாங்கல் தரையில் கிடந்தபோது கேட்ட அதே கூப்பாடு. அந்தக் குரல் கூப்பிட்டு அவள் போகாமல் இருந்ததே கிடையாது. இப்போது போவதென்றால் எங்கே போவது? அடித்தவளும் அவளே, வர வேண்டியவளும் அவளே.

பூட்டைப் போடாமல் அப்படியே எழுந்து அடுக்களைக்குள் போனாள். ஐயப்பன் அங்கே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கதவிடுக்கில் இருந்த, முற்றம் பெருக்குகிற வாரியலை உருவினாள். ஈர்க்கில் முறியாத புது வாரியல்.

"ஏட்டி!" என்று வீடு அதிரக் கத்தினாள். "எவட்டி எந் தம்பியக் கெட்டுனது? எவட்டி அவன அடிச்சது? நீயா?"

ஓங்கித் தன் தோளிலேயே ஒன்று போட்டாள். அடுத்தது தொடையில். அடுத்தது கழுத்தில். "இன்னா வாங்கிக்கோ! அவன் உனக்கு என்னட்டி செய்தான்? பச்சப் பிள்ளையக் கெட்டுவியா? நாய்ச் சங்கிலியா கொண்டு வந்த? இனி தொடுவியா? தொடுவியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. நடிப்புக்கு அடித்தவள் இல்லை அவள், அவளுக்கு அடிக்கத்தான் தெரியும், நடிக்கத் தெரியாது. கைத்தண்டையில் வரிவரியாகத் தடித்தது. வாயிலிருந்து ஐயோ ஐயோ என்று வந்ததும் நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்த அழுகைதான். ஐயப்பன் ஓடிவந்து வாரியலைப் பிடித்தார். அவரையும் தள்ளிவிட்டு அடித்தாள்.

அறைக்குள் கூப்பாடு நின்றிருந்தது.

"எக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "எக்கா, வந்தியா?"

வாரியலைக் கீழே போட்டுவிட்டு, தலை கலைந்தது கலைந்தபடியே உள்ளே போனாள். "வந்துட்டேன் மக்கா."

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அவன் காலிலிருந்து சங்கிலியைப் பிரித்தாள். கண்ணி துணி மடிப்பில் மாட்டி மாட்டிக்கொண்டது. பின்னாலேயே வந்த ஐயப்பன் குனிந்து அதை விடுவித்தார். பூட்டையும் சங்கிலியையும் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். "கொட்டகைய எடுத்துருவோம் வடிவு. அடுப்பும் உருளியும் இனி இந்த வீட்டுல வேண்டாம். நான் வேலைக்குப் போற அன்னைக்கு ஆனந்தகிருஷ்ணன் வந்து இருக்கேன்னு சொன்னாரு. நாந்தான் உங்கிட்ட சொல்லல" என்றார். சங்கிலியைக் கொண்டு வெளியே போனார்.

பகவதியப்பன் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அவள இனி அடிக்காத எக்கா" என்றான். "பாவம், நெறைய அழுதா. அவளுக்கு அக்கா இல்லியா?"

"இல்ல மக்கா" என்றாள் சண்முகவடிவு. "ஒரு தம்பி உண்டு."

அவன் வாசல் பக்கம் திரும்பினான். அதைப் பார்த்துக்கொண்டே, "அப்போ அவன் வருவான்" என்றான்.